ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றி யார் இருந்தார்கள்?

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றி முகநூலில் ஒரு வகைப் பதிவு அடிக்கடி வருகிறது. ஜாம்போத்தலில் திரி போட்டுச் செய்த மண்ணெண்ணெய் விளக்கின் படம் இருக்கும். கரண்ட் இல்லை, ரீவி இல்லை, ஆனாலும் குடும்பமாக ஒன்றாக இருந்தோம், இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று எழுதியிருப்பார்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், அந்த விளக்கில் படித்தவர்கள். அவர்களுடைய ஞாபகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. "ஒன்றாக இருந்தோம்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு அபூர்வம். ஒரு வீட்டில் தகப்பன் கொழும்பில். அடுத்த வீட்டில் மூத்த மகன் சுவிஸில். கடற்கரை வீதியில் ஒரு வீட்டுக்காரர் வள்ளத்தோடு தமிழ்நாட்டில் வேதாரணியம் பக்கம் போனவர், திரும்ப வழியில்லாமல் அங்கேயே அகதியாகப் பதிந்துவிட்டார் என்று கேள்வி. சில வீடுகளில் பிள்ளை இயக்கத்துக்கு, அதாவது விடுதலைப் புலிகளிடம், போயிருந்தது. அதைப் பற்றி வெளியே யாரும் கதைக்கமாட்டார்கள். விளக்கைச் சுற்றி இருந்தவர்கள் அம்மாக்களும் அம்மம்மாக்களும் சின்னப் பிள்ளைகளும்தான்.

எங்கள் அப்பா கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர். லீவு கிடைத்தால் யாழ்தேவி ரயிலில் வருவார், இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவார். 1990 ஜூனில் அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மீண்டும் தொடங்கியதும் ரயில் நின்றது, தொலைபேசி நின்றது, மின்சாரம் நின்றது. தெற்கே போகிற ஆனையிறவுப் பாதை அடைபட்டது. அதற்குப் பிறகு எங்களுக்கு அப்பா என்றால் கடிதம்தான்.

அந்த வருடங்களில் அம்மா வீட்டை நடத்திய விதத்தைப் பற்றி எழுதினால் ஒரு புத்தகம் வரும். பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து, உரம், மெழுகுதிரி என்று, யாழ்ப்பாணத்துக்கு வரவிடாமல் அரசாங்கம் போட்ட தடைப் பட்டியல் நீளம். மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை தொடமுடியாது. ஜாம்போத்தல் விளக்கே அதனால் வந்ததுதான்: அடியில் பஞ்சு, அது குடிக்கிற அளவுக்கு மட்டும் எண்ணெய், ஒரு சின்னத் திரி. அழகுக்காக யாரும் அதைச் செய்யவில்லை. அரிக்கன் லாம்பு குடிக்கிற எண்ணெயைத் தாங்க முடியாமல் செய்தார்கள். படிக்கிற பிள்ளைக்கு ஒரு விளக்கு, குசினிக்கு ஒன்று, சமையல் முடிந்ததும் குசினி விளக்கு அணையவேண்டும். அந்தக் கணக்கு முழுக்க அம்மாவின் தலைக்குள் இருந்தது. உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். காய்கிற சட்டையைப் பனம்பழ வாசத்துக்கு மாடு சப்பிவிடும் என்பதால் அதற்கு ஒரு பிள்ளையைக் காவல் வைக்கவேண்டும். சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி. குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தால் பிள்ளைகளைப் பங்கர்க் குழிக்குள் இறக்கிவிட்டு அடுப்பை அணைக்க ஓடுவாள். அம்மம்மாவால் பங்கர்ப் படி இறங்க முடியாது. அவர் விறாந்தையில் பிள்ளையாரைக் கூப்பிட்டபடி இருப்பார். யாரோடு நிற்பது என்று ஒவ்வொரு தடவையும் அம்மா முடிவெடுக்கவேண்டியிருந்தது.

கடல் ஊரில் இருந்துகொண்டு மீனுக்கு ஏங்கினோம் என்று சொன்னால் இப்போது பலருக்கு விளங்காது. கடலில் இறங்கத் தடை, மீறி இறங்கினால் பீரங்கிப் படகு சுடும். கரையோரமாக வலை போட்டுப் பிடித்த கொஞ்ச மீன் காசுள்ள வீட்டுக்குப் போகும். கடற்கரை வீட்டுக்காரர் பலர் இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்த சொந்தக்காரர் வீடுகளுக்குப் படுக்க வருவார்கள். தெருவின் முடிவில் கடல் தெரியும், நாங்கள் அதில் கால் நனைத்தது குறைவு. செஞ்சிலுவைக் கொடியோடு சாமான் கப்பல் வருகிற நாளில்தான் கடலைப் பார்த்து ஊர் சந்தோஷப்படும். கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மா வரும், அதோடு ஒருவேளை கடிதமும் வரும்.

கடிதங்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

தபால் வர மாதங்கள் ஆகும். அதைவிடக் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வருகிறவர் கையில் கொடுத்துவிடுவது நிச்சயம். ஆனால் அந்தக் கையையும் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கமும் சோதிப்பார்கள். அதனால் கடிதத்தில் எதையும் எழுத முடியாது. குண்டு விழுந்தது என்று எழுதமுடியாது, யார் செத்தார்கள் என்று எழுதமுடியாது. "நாங்கள் எல்லோரும் நலம். இந்த முறை வாடைக்காற்று பலம். தம்பி கணக்கில் கெட்டிக்காரன்." அம்மாவின் கடிதங்கள் எல்லாமே இப்படித்தான். அப்பாவின் கடிதங்களும் அப்படித்தான். 1993இல் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்ட பிறகு கொழும்பில் ஆயிரக்கணக்கான தமிழர்களைப் பிடித்தார்கள். அப்பா இருந்த லொட்ஜிலும் சோதனை நடந்தது, ஒரு இரவு பொலிஸ் காவலில் இருந்தார். அந்த மாதக் கடிதத்தில் இருப்பது, இங்கே மாம்பழம் விலை என்பது மட்டும். இந்தக் கதை எங்களுக்குத் தெரிந்தது பல வருடங்களுக்குப் பிறகு.

ஊரில் நாங்கள் குண்டுக்குச் சாவோம் என்று அப்பாவுக்குப் பயம். கொழும்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. பற்றரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ. சுற்றுவது நாங்கள். வேகம் குறைந்தால் சத்தம் விழுந்துவிடும். எல்லாரும் வடக்குச் செய்தி கேட்டுக்கொண்டிருக்க, அம்மா கொழும்புச் செய்திக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பயம் ஒரு கடிதத்திலும் இல்லை. அம்மா தன் காப்பை விற்றதும் கடிதத்தில் இல்லை. "காசு இப்ப காணும், நீங்கள் உங்கடை உடம்பைப் பாருங்கோ" என்று எழுதின மாதத்தில்தான் விற்றிருக்கிறாள்.

அப்படியானால் ஏன் போய்ச் சேரவில்லை என்று வெளியூர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இங்கிருந்து வெளிக்கிட இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், பிணைக்கு ஆள் நிற்கவேண்டும். முழுக் குடும்பமாகப் போக விடுவது லேசில்லை. பாஸ் கிடைத்தாலும் கிளாலிக் கடலேரி. இரவில், வெளிச்சமில்லாமல், ஒரு மோட்டார்ப் படகுக்குப் பின்னால் வரிசையாகக் கயிற்றில் கட்டிய படகுகள். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்தப் படகுகளைக் கடற்படை தாக்கிப் பொதுமக்கள் பலர் இறந்தார்கள். அதைத் தாண்டினால் வவுனியாவில் மறுபடி சோதனை, கொழும்பில் பொலிஸ் பதிவு. அம்மம்மாவைப் படகில் ஏற்ற முடியாது, தனியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. தடை என்றதும் நாம் சாமான்களைச் சொல்கிறோம். ஆட்கள் ஒருவரை ஒருவர் போய்ப் பார்ப்பதற்கு இருந்த தடையைத்தான் நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். அதை ஒரு தரப்பு மட்டும் போடவில்லை.

1995 ஒக்டோபர் கடைசியில், யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டில் மட்டும் நான்கு குடும்பங்கள். அடுத்த வருடம் எங்கள் பகுதியான வடமராட்சியும் ஆமியிடம் வந்தது. கிளாலி முடிந்தது, அப்புறம் திருகோணமலைக் கப்பல், அதற்குப் பதிவு, அனுமதி, மாதக்கணக்கில் காத்திருப்பு. ஒரு பிரிவின் விதி மாறி இன்னொரு விதி வந்தது, அவ்வளவுதான்.

2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழி, ஏ9 பாதை, திறந்தது. அந்த வருடம் அப்பா பென்ஷனோடு வீட்டுக்கு வந்தார். போரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள், பாதை திறந்தது, சேர்ந்தார்கள், சுபம். உண்மையில் அதற்குப் பிறகு வந்த வருடம்தான் எங்கள் வீட்டில் கஷ்டமானது. எந்தப் பானையில் அரிசி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சங்கக் கடனைக் கட்டுவது, வேலி அடைப்பது, தங்கச்சியின் படிப்பு எல்லாவற்றையும் அம்மாவே முடிவெடுத்துப் பழகியிருந்தாள். அவர் எதையாவது சொன்னால் நாங்கள் அம்மாவின் முகத்தைப் பார்ப்போம். அது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அம்மாவுக்கும் வலித்தது. இவ்வளவு நாளும் தூக்கிச் சுமந்ததை ஒரே நாளில் இறக்கி வை என்றால் யாரால் முடியும்? ஊரில் பல வீடுகளில் இது நடந்தது. சில இடங்களில் திண்ணைக்கும் குசினிக்கும் இடையில் பேச்சே இல்லாமல் போனது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டுப்பட்டபோது எங்கள் அப்பா வீட்டில் இருந்தார் என்பதை இன்றும் பெரிய அதிர்ஷ்டமாக நினைக்கிறேன்.

நம்முடைய போர் வரலாறு சமர்களின் பெயராலும் திகதிகளாலும் எழுதப்படுகிறது. ஆண்கள் எழுதுகிறார்கள், ஆண்கள் திருத்துகிறார்கள். மறுபக்கத்தில் இந்த ஏக்கப் பதிவுகள். இரண்டிலும் அந்தப் பெண்களின் உழைப்பு இல்லை. விளக்கு எரிந்தது என்கிறோம், எண்ணெய்க்கு யார் வரிசையில் நின்றார்கள் என்று கேட்பதில்லை. எனக்கு இது கோபம் தருகிறது. அவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு செத்தவீட்டிலும் ஒரு றங்குப்பெட்டி கிளறப்படுகிறது, பழைய காகிதம் என்று கடிதங்கள் அடுப்புக்குப் போகின்றன.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால் தயவுசெய்து எரிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் உறையோடு சேர்த்துப் படம் எடுங்கள், யார் யாருக்கு எழுதியது, யார் கையில் வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். பொதுவில் வைக்கச் சம்மதம் என்றால் நூலகம் நிறுவனத்தாரோடு கதைத்துப் பாருங்கள், 2005 முதல் நம்முடைய எழுத்துகளைச் சேர்த்து வருகிறவர்கள். அம்மாக்களிடம் "அந்தக் காலம் கஷ்டமா" என்று கேட்காதீர்கள். "எல்லாரும் பட்டதுதானே பிள்ளை" என்று முடித்துவிடுவார்கள். மண்ணெண்ணெய் யாரிடம் வாங்கினீர்கள், எதை விற்று வாங்கினீர்கள், கடிதத்தில் எதை எழுதாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். பொழுது இருக்கிற நாளாகப் பார்த்துக் கேளுங்கள், ஒரு மணித்தியாலத்தில் முடியாது.