‘மக்கள்’ என்னும் எழுவாய்

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதே என் பிழைப்பு. 2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. முந்தைய நாள் நடந்த பொது வாக்கெடுப்பின் முடிவுகள் வந்துகொண்டிருந்தன. நம் நேரப்படி காலை ஒன்பது மணியைத் தாண்டியதுமே, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறப்போவது உறுதியாகிவிட்டது. பிற்பகல் ஒரு மணிக்குச் சற்று முன்னதாக, பிரதமர் டேவிட் கேமரூன் தம் இல்லத்து வாசலில் நின்று பதவி விலகலை அறிவித்தார். பிரிட்டிஷ் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்துள்ளனர், அவர்களது விருப்பம் மதிக்கப்பட வேண்டும் என்றார். நானும் அதையே செய்தியின் முதல் வரியாக, மேற்கோள் குறி ஏதும் இல்லாமல் தட்டச்சு செய்து, ‘பிரிட்டன் மக்கள் தீர்ப்பு’ என்று தலைப்பும் கொடுத்து அனுப்பினேன்.

பிரதியைப் பார்த்த மூத்த உதவி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருமா போட்டாங்க?” என்று கேட்டார். “அவர் அப்படித்தான் சொல்லியிருக்கார் சார்” என்றேன். “அவர் சொல்லட்டும். மேற்கோளுக்கு வெளியில நீ ஏன் சொல்ற?” என்றவர், என் தலைப்பைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘வெளியேற 52 சதவீதம் பேர் ஆதரவு’ என்று எழுதிக் கொடுத்தார். அப்போது அது எனக்கு வீண் கறாராகத்தான் தோன்றியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பிரெக்ஸிட் எனப்பட்ட அந்த வெளியேற்றம் பற்றிய செய்திகளை நூற்றுக்கணக்கில் மொழிபெயர்க்க நேர்ந்தபோதுதான், அந்தச் சிவப்புக் கோடு எதன்மீது விழுந்தது என்று புரிந்தது.

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியேற வாக்களித்தவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். நீடிக்க வாக்களித்தவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். சதவீதத்தில் 51.9, 48.1. பதிவான வாக்குகள் 72.2 சதவீதம் என்பதால், வாக்காளர் பட்டியலில் இருந்த எல்லோரையும் கணக்கில் கொண்டால், வெளியேற வேண்டும் என்று முத்திரையிட்டவர்கள் நூற்றுக்கு முப்பத்தேழு பேர். ஸ்காட்லாந்தில் 62 சதவீதத்தினரும் வடக்கு அயர்லாந்தில் 55.8 சதவீதத்தினரும் நீடிக்கவே வாக்களித்தனர். வாக்கெடுப்பில் வெளியேறும் தரப்பு வென்றது என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை; ஒரு வாக்கு கூடுதலாக இருந்தாலும் வெற்றி வெற்றிதான். ஆனால் ‘வென்ற தரப்பு’ என்ற எழுவாய் ‘மக்கள்’ என்ற எழுவாயாக மாறுவதற்கு ஒரு பகல்கூடத் தேவைப்படவில்லை என்பதும், அந்த மாற்றத்தை ஆங்கில இலக்கணமே ஓசையில்லாமல் செய்து கொடுத்தது என்பதும்தான் நான் சொல்ல வருவது.

ஆங்கிலத்தில் ‘பீப்பிள்’ என்று வெறுமனே சொன்னால் சில பேர், பல பேர், தெருவில் போகிறவர்கள் என்று பொருள்படும். அதற்கு முன்னால் ‘தி’ என்ற சின்னஞ்சிறு சொல் வந்து உட்கார்ந்துவிட்டால், அதுவே பிளவில்லாத, இறையாண்மை கொண்ட ஒட்டுமொத்தக் குடிமக்கள் ஆகிவிடும். அத்துடன் ஒருமையில் ‘வில்’ (விருப்பம்) என்பதையும் சேர்த்து, ‘தி வில் ஆஃப் தி பீப்பிள்’ என்றால், ஒரே உடம்பும் ஒரே மனமும் உடைய ஓர் ஆள் எழுந்து நின்று தன் விருப்பத்தைச் சொன்னதுபோல் ஒலிக்கிறது. தமிழில் அந்தச் சுட்டுச்சொல் கிடையாது. இரண்டுக்கும் நமக்கு ‘மக்கள்’தான். ஆகவே பெயர்க்கும்போது அந்தத் தந்திரம் நம் கைக்கு அகப்படாமலே உள்ளே வந்துவிடுகிறது.

இந்த விளையாட்டை மிக வெளிப்படையாக ஆடியவர், வெளியேறும் தரப்பின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான நைஜல் ஃபராஜ். முடிவு தெரியத் தொடங்கிய அந்த அதிகாலையில், இது உண்மையான மக்களின், சாதாரண மக்களின், கண்ணியமான மக்களின் வெற்றி என்று அவர் முழங்கினார். அப்படியானால் மறுபுறம் வாக்களித்த 1 கோடியே 61 லட்சம் பேர் என்ன மாதிரியான மக்கள் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை, சொல்லாமலே சொன்னது. இதே ஃபராஜ், வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, தம் தரப்பு 52-க்கு 48 என்று தோற்றால் அது முடிந்துபோன விவகாரமாக இருக்காது என்று ஒரு நாளிதழிடம் சொல்லியிருந்தார். எண்கள் அப்படியே அவர் வாய்ச்சொல்போல வந்தன, தரப்புகள் மட்டும் இடம் மாறி. மே மாதத்தில் முடியாத விவகாரமாக இருந்த நான்கு புள்ளி வித்தியாசம், ஜூன் மாதத்தில் மறுபேச்சுக்கு இடமில்லாத மக்கள் விருப்பம் ஆகிவிட்டது.

அதன் பிறகு அந்தச் சொல்லுக்குப் பல்லும் நகமும் முளைத்தன. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அரசு வெளியேறும் நடைமுறையைத் தொடங்க முடியாது என்று 2016 நவம்பர் 3 அன்று உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் தீர்ப்பளித்தனர். மறுநாள் டெய்லி மெயில் நாளிதழ் அந்த மூவரின் படத்தையும் முதல் பக்கத்தில் போட்டு, ‘மக்களின் எதிரிகள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டது. தீர்ப்போ, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பது நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியதே அல்ல. முடிவெடுக்கும் அதிகாரம் அரசுக்கா, நாடாளுமன்றத்துக்கா என்பதைப் பற்றியது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் 8-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அதையே உறுதிசெய்தது. ‘மக்கள்’ என்று ஓர் ஒற்றை ஆளைக் கற்பித்துக்கொண்டுவிட்டால், அடுத்தபடியாக அந்த ஆளுக்கு எதிரிகளைக் கற்பிப்பது எளிதாகிவிடுகிறது.

என்னை மிகவும் தடுமாற வைத்தது ‘வீ’ என்ற சொல். 2017 ஜனவரி 17 அன்று லங்காஸ்டர் இல்லத்தில், கேமரூனுக்குப் பின் பிரதமரான தெரசா மே ஆற்றிய உரையில், ஜூன் 23 என்பது உலகளாவிய பிரிட்டனைக் கட்டியெழுப்ப வீ தேர்ந்தெடுத்த தருணம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தவர், ‘நாம்’ என்பதா ‘நாங்கள்’ என்பதா என்று முடிவு செய்தே தீர வேண்டும். ‘நாங்கள்’ என்றால் வென்ற தரப்பு மட்டும் பேசுவதாகிவிடும். ‘நாம்’ என்றால் அந்த அரங்குக்கு வெளியே, வேண்டாம் என்று வாக்களித்த 48 சதவீதம் பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்ததாகிவிடும். இத்தனைக்கும் அவரே நீடிக்கும் தரப்பை ஆதரித்தவர்! ஆங்கிலத்தில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்த்துவிட்டு நழுவிவிடுகிறது. அரைமணி நேரம் திணறிவிட்டு, ‘பிரிட்டன் தேர்ந்தெடுத்த தருணம்’ என்று எழுதி ஒப்பேற்றினேன். அதுவும் தப்பித்தல்தான். வாக்குச்சீட்டில் இருந்தவை நீடிப்பது, வெளியேறுவது என்ற இரண்டு தெரிவுகள் மட்டுமே. உலகளாவிய பிரிட்டனுக்கு அதில் கட்டம் இருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 18 அன்று, திடீர்த் தேர்தலை அறிவித்தபோது, நாடு ஒன்றுபட்டு வருகிறது, வெஸ்ட்மின்ஸ்டர்தான் (நாடாளுமன்றம்தான்) ஒன்றுபடவில்லை என்றார் தெரசா மே. ஜூன் 8 அன்று அந்த நாடு வாக்களித்தது. அவருடைய கட்சி இருந்த பெரும்பான்மையையும் இழந்தது.

நம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நேர்மையாகாது. ‘பொதுமக்கள் அதிருப்தி’, ‘எதிர்ப்பு வலுத்து வருகிறது’, ‘அரசியல் நோக்கர்கள் கருதுகின்றனர்’ என்று நாங்கள் எழுதும்போது, அந்தப் பொதுமக்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்ற நான்கு பேராகவும், நோக்கர் அடுத்த மேசைக்காரராகவும் இருந்த நாட்கள் உண்டு. ‘கருதப்படுகிறது’ என்பது எங்கள் அலுவலகத்தில் அதிகம் உழைத்த சொல்.

கருத்துக்கணிப்புக் கேள்விகளில் இருக்கும் நுட்பம் வேறு வகை. வாக்கெடுப்புக் கேள்வி முதலில், ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டு, ஆம், இல்லை என்று பதில் கோருவதாகத்தான் அமைக்கப்பட்டிருந்தது; அது ஒருபக்கம் சாய்கிறது என்று தேர்தல் ஆணையம் 2015 செப்டம்பரில் சொன்ன பிறகே, ‘நீடிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா’ என்று இரண்டு வினையும் உள்ளே வந்தன. வாக்கெடுப்புக்குப் பிறகு, யூகவ் என்னும் கருத்துக்கணிப்பு நிறுவனம் 2016-லிருந்து திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கேள்வி இது: பின்னோக்கிப் பார்க்கையில், வெளியேற வாக்களித்ததில் பிரிட்டன் செய்தது சரியா, தவறா? எழுவாயைக் கவனியுங்கள். ‘நீங்கள் செய்தது’ என்று கேட்கவில்லை. பிரிட்டன் தவறு செய்தது என்று சொல்லும் ஒருவர், தாம் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அண்மை ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ‘தவறு’ என்று சொல்ல, பத்திரிகைகள் அதை ‘பிரெக்ரெட்’, அதாவது பிரெக்ஸிட் வருத்தம், என்று அழைத்தன. வருத்தம் என்றால் செய்தவர் படுவது. ஆனால் அந்தப் பாதியில், 2016-ல் வாக்களிக்கும் வயதை எட்டாதவர்களும், அன்றே நீடிக்கச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எதற்கு வருந்த வேண்டும்?

2024 ஜூலையில் தொழிற்கட்சி வென்றபோது, ஆங்கிலத் தலைப்புகளில் எங்கு பார்த்தாலும் ‘லேண்ட்ஸ்லைடு’; நேர்ப்பொருளில் நிலச்சரிவு, தேர்தலில் பெருவெற்றி. கிடைத்த இடங்கள் 650-ல் 411, வாக்குகளோ 33.7 சதவீதம். அதே கட்சி 2017-ல் 40 சதவீதம் வாங்கித் தோற்றிருந்தது. சரிந்தது இடங்களின் மலை. அக்கட்சியின் வாக்கு விகிதம், முந்தைய தேர்தலில் இருந்த இடத்தை விட்டு அவ்வளவாக நகரவில்லை. ‘பிரிட்டனில் மாற்றத்துக்கு மக்கள் பேராதரவு’ என்று எங்கள் மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி தலைப்பு எழுதிக் கொண்டுவந்தார். சிவப்பு மை இப்போது யாரிடமும் இல்லை, எல்லாம் திரையில்தான். “தம்பி, நூத்துக்கு முப்பத்துநாலு பேர்தான் போட்டிருக்காங்க” என்றேன். “எல்லா ஏஜென்சியும் இப்படித்தான் சார் போட்டிருக்கு” என்றார். ‘தொழிற்கட்சி 411 இடங்களில் வெற்றி’ என்று மாற்றினோம். முந்தையதைவிடச் சிறிய தலைப்பு என்பதால், பக்க வடிவமைப்பாளர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்.