ஹொகுசாயின் பேரலை சுனாமி அல்ல, ஒற்றை ஓவியமும் அல்ல

நீல அலை எழும்பி நிற்க, பின்னால் ஃபூஜி மலை சிறிதாகத் தெரியும் ஜப்பானியப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "சுனாமியை நேரில் பார்த்து ஹொகுசாய் வரைந்த ஓவியம், உலகிலேயே ஒன்றுதான் உள்ளது" என்கிறது அதனுடன் வரும் செய்தி. இரண்டுமே தவறு.

இது 1831 வாக்கில் வெளியான மரக்கட்டை அச்சுப் படம். ஹொகுசாய் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்தார். அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்கினார்கள். அதிலேயே அவர் கைப்பட வரைந்தது அழிந்துபோனது. அப்புறம் நிறங்களுக்குத் தனித்தனிப் பலகைகள் செதுக்கி, கையால் தேய்த்து ஆயிரக்கணக்கில் அச்சிட்டார்கள். செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்கள் படத்தில் இல்லை. பாதி உழைப்பு அவர்களுடையது என்பதால் எனக்கு அது வருத்தம்தான். லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் ஒன்றிலேயே மூன்று பிரதிகள் உள்ளன.

சரி, சுனாமி? ஆழ்கடலில் சுனாமி இப்படிச் சுருண்டு எழாது. படகில் இருப்பவர்களுக்குத் தெரியாமலேகூடக் கடந்துவிடும். படத்தில் இருப்பது கொந்தளிக்கும் கடலின் அலை. அதில் சிக்கியிருப்பவை, எடோ (இன்றைய டோக்கியோ) நகரச் சந்தைக்கு மீன் கொண்டுபோகப் பயன்பட்ட விரைவுப் படகுகள்.