நூதனசாலையில் இன்னும் ஓர் அறை

திருகோணமலைக்காரரில் எத்தனை பேர் எங்கள் கடற்படை வரலாற்று நூதனசாலைக்குள் போயிருப்போம்? வெளியூர்ச் சொந்தங்கள் வந்தால் கோணேசர் கோயில், கோட்டைக்குள் மான்களோடு ஒரு படம், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளியில் ஒரு குளிப்பு. இது மட்டும் எப்போதும் விட்டுப்போகும்.

2013இல் திறந்த புதிதில் பள்ளிக்கூடத்தால் எங்களைக் கூட்டிப்போனார்கள். ஒல்லாந்தரின் கடற்படை ஆணையாளர் இருந்த பழைய வீடு அது. தடித்த சுவர், வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி. அதற்காகவே அப்பாவை நச்சரித்துப் பிறகும் போயிருக்கிறேன் (வரலாற்று ஆர்வம் என்று அவரிடம் சொல்லி வைத்தேன்). போன கிழமை அக்காவின் மகனோடு மறுபடி போனேன். இடம் இன்னும் பிடிக்கிறது. ஆனால் அவன் ஒரு கேள்வி கேட்டான்: "சின்னம்மா, இவங்க எல்லாரும் ஏன் இங்கயே வந்து சண்டை பிடிச்சவங்க?"

நியாயமான கேள்வி. 1782ஐ மட்டும் பாருங்கள். ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து ஊரைப் பிடிக்கிறார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதை அவர்களிடமிருந்து பறிக்கிறார். செப்டெம்பர் 3 கடலில் பெருஞ்சண்டை. ஒரே ஆண்டில் மூன்று கொடி! பிறகு ஒல்லாந்தர் கைக்குத் திரும்பி, 1795இல் மறுபடி ஆங்கிலேயர்.

துறைமுகம் ஆழம் என்று பள்ளியில் படிப்பிக்கிறார்கள். அது பாதிப் பதில்தான். மீதி, காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பினால் சோழமண்டலக் கரையில் பெரிய பாய்க்கப்பல் ஒதுங்க இடமில்லை. சென்னையிலேயே அப்போது திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். புயல் அடித்தால் கப்பல் கரையில் மோதும். அந்த நேரம் ஓடி ஒளிய இருந்த இடம் எங்கள் ஊர். அதுதான் அத்தனை அடிபாடும்.

அதே வாடைதான் எங்கள் கரைவலைக்காரரையும் வீட்டில் இருத்துகிறது. கச்சான் என்ற தென்மேல் காற்றுக் காலத்தில் வலை வளைத்து, அம்பா பாடி இழுப்பார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் வந்து கரையில் குடிசை கட்டி வாடி போடுவார்கள். வாடை தொடங்கினால் வள்ளங்கள் மணலில் ஏறிவிடும். அட்மிரலுக்கும் கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் ஒரே காற்று. இதை நூதனசாலையின் ஒரு அறையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அந்தப் பையனுக்கு நான் விளக்கம் சொல்லவே தேவையில்லை. கடல் வரலாறு என்றால் போர்க்கப்பல் மட்டும்தான் என்று எவர் சொன்னது?

எங்கள் ஊரின் பெயரில் ஒரு கப்பல் இருக்கிறது தெரியுமா? 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டியது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்றைக்கும் தண்ணீரில் நிற்கிறது, அதுவே ஒரு நூதனசாலை. அவர்கள் முழுக் கப்பலையே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சரி, நாங்கள் ஆட்களை அக்கரை சேர்த்த மிதவையான கிண்ணியாப் பாதையின் ஒரு பலகையையாவது எடுத்து வைத்தோமா? 2009இல் பாலம் திறக்கும்வரை சைக்கிளும் சாமானும் பிள்ளைகுட்டிகளுமாக எத்தனை ஆயிரம் பேரை அது ஏற்றி இறக்கியது!

அந்த அறைக்கு முதலில் வைக்க வேண்டியது அந்தப் பாதைதான் என்பேன். கிண்ணியா, மூதூர் ஆட்கள் வீட்டு அல்பங்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பாதையில் நின்று எடுத்த படம் கிடைத்தால், எந்த வருசம், யார் எடுத்தது என்று பின்னால் எழுதி வையுங்கள். யாராவது அறை ஒதுக்கட்டும் என்று அதுவரை காத்திருக்க வேண்டாம்.