'சுதேசி' பாக்கெட்டும் பச்சைத் தேயிலை விலையும்

"சுதேசி என்று அச்சிட்ட டீத்தூளை வாங்கினால் காசு நேராக நீலகிரி சிறு விவசாயிக்குப் போகும்" என்று பலர் சொல்வது தவறுங்க.

கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ விவசாயி விற்பது பச்சைத் தேயிலை. தொழிற்சாலை அதைத் தூளாக்கிக் குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிறது. அங்கே சுதேசி பிராண்டும் அந்நிய பிராண்டும் ஒரே தூளுக்குத்தான் விலை கேட்கின்றன. ஏலச் சராசரியில் 65 சதவீதம் விவசாயிக்கு என்பது தேயிலை வாரியத்தின் கணக்கு. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ இலை வேண்டும். சராசரி 100 ரூபாய் என்று வைத்தால், இலைக்குக் கிலோவுக்கு 14 ரூபாய் சொச்சம். பாக்கெட்டில் என்ன கொள்கை அச்சிட்டாலும் இந்தக் கணக்கு நகராது. கூடுதல் லாபம் பாக்கெட் போடுபவருக்கே.

பிராண்டின் பெயரை வைத்தும் நாட்டைச் சொல்ல முடியாது: பிரிட்டனில் பிறந்த டெட்லி டீ பிராண்ட் 2000 முதல் நம்ம டாடாவுடையது.

விவசாயிக்காக வாங்குவதென்றால், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வ் தூளைப் பாருங்கள். அந்தக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் உறுப்பினர்களே சிறு விவசாயிகள்தான். மற்ற பாக்கெட்டுகளில் முன்பக்க வாசகத்தை விட்டுவிட்டு, பின்னால் 'தயாரித்தவர்' யார், 'பாக்கெட் செய்தவர்' யார் என்று படியுங்கள். பாக்கெட் செய்தவர் மட்டும் இருந்தால், இலை எந்த மலையிலிருந்து வந்தது என்பதற்கு அதில் ஆதாரமே இல்லை.