நூற்றில் 6 பேர் 'நார்சிசிஸ்ட்'டா?

"நூற்றில் 6 பேருக்கு நார்சிசிச ஆளுமைக் கோளாறு (மிதமிஞ்சிய தற்பெருமையும் பிறர் உணர்வை மதிக்காத போக்கும் நிலைத்துவிட்ட மனநலப் பிரச்சினை), கீழே உள்ளவற்றில் 5 பொருந்தினால் உங்கள் கணவரும் அதில் ஒருவர்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. எண்கள் கற்பனையல்ல, கையாண்ட விதம்தான் தவறு.

6.2 சதவீதம் என்பது அமெரிக்காவில் 2004-05இல் 34,653 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில் வந்தது. கேள்வி கேட்டவர்கள் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள், மனநல மருத்துவர்கள் அல்லர். 5 அறிகுறிகளுக்கு 'ஆம்' என்றவருக்கு அவற்றில் ஏதோ ஒன்றால் பாதிப்பு இருந்தாலே கணக்கில் சேர்த்தார்கள். 2010இல் வேறு ஆய்வாளர்கள், கணக்கில் வரும் ஒவ்வொரு அறிகுறியும் வேதனையோ பாதிப்போ தந்திருக்க வேண்டும் என்று வைத்து அதே தரவை மறுபடி எண்ணினார்கள். 1 சதவீதம்தான் தேறியது!

மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு 9 அறிகுறிகளில் 5 கேட்பது உண்மை. ஆனால் அவை இளமைப் பருவத்திலேயே தொடங்கி, வீடு, வேலை, நட்பு எனப் பல இடங்களிலும் நீடித்திருக்க வேண்டும். மேலாளரிடம் குழைந்து, மனைவியிடம் மட்டும் எரிந்து விழுபவர் கொடுமைக்காரராக இருக்கலாம். அதைச் சொல்ல நோய்ப்பெயர் எதற்கு? பைபோலார் என்ற மனநிலைக் கோளாறின் மேனியா (அளவு மீறிய உற்சாகம்) கட்டத்திலும் கோகெய்ன் பழக்கத்திலும் இதே தற்பெருமை தலைதூக்கும். அதனால் மருத்துவர் நேரில் பேசி, பழைய வரலாறு கேட்டு, முடிந்தால் குடும்பத்தாரையும் விசாரித்த பிறகே முடிவு செய்வார். இணைய வினாடி வினாக்கள் பெரும்பாலும் சாதாரண மனிதர்களிடமும் இருக்கும் தற்பெருமைக் குணத்தின் அளவைத்தான் காட்டுகின்றன, நோயை அல்ல.