பயிற்சிக்குப் போனவர் பட்டியலைக் காட்டுங்கள்

இன நல்லிணக்க நாளான ஜூலை 21 வந்தால் சிங்கப்பூரில் நம் அலுவலகங்களில் வேட்டி, பாஜு குரோங், சியோங்சாம் என்று ஒரே கோலாகலம். தீபாவளிக்கு முறுக்கு, பெருநாளுக்கு ரெண்டாங், சீனப் புத்தாண்டுக்கு லோ ஹெய். இதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. முறுக்கு யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ‘எங்கள் நிறுவனம் எல்லாரையும் அரவணைக்கிறது’ என்று ஒரு ஹெச்ஆர் மேலாளர் சொன்னால், அந்தக் கொண்டாட்டப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு தாளைக் கேளுங்கள். கடந்த 12 மாதத்தில் யார் யார் எந்த கோர்ஸுக்குப் போனார்கள்?

பல இடங்களில் அந்தத் தாளே இருக்காது. ‘தலைக்குச் சராசரி 16 மணி நேரப் பயிற்சி’ என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி மட்டும் இருக்கும். சராசரியை நம்பக்கூடாது. 60 பேர் வேலை செய்யும் ஓர் இடத்தில் மொத்தம் 960 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் தலைக்கு 60 மணி நேரம் வாங்கியிருந்தால் 720 அங்கேயே தீர்ந்துவிட்டது. மீதி 48 பேருக்குத் தலைக்கு 5 மணி நேரம். சராசரி அப்போதும் 16தான்.

அதனால் பெயர் வாரியாக எழுதுங்கள். கட்டாயக் கோர்ஸை ஒரு பத்தியிலும் (நெடுவரிசையிலும்) வளர்ச்சிக் கோர்ஸை இன்னொரு பத்தியிலும் போடுங்கள். பாதுகாப்பு, முதலுதவி, தீயணைப்பு எல்லாம் சட்டத்துக்காகப் போவது. ஆளை ஒரு படி மேலே ஏற்றுவது மேற்பார்வை, புதிய மெஷின், கணினி, பேச்சுத்திறன் போன்றவை. இரண்டையும் கலந்துவிட்டால் எல்லாரும் சமமாகப் படித்த மாதிரித் தெரியும். மூன்றாவது பத்தியில், சூப்பர்வைசர் லீவில் போனபோது அவர் இடத்தில் எத்தனை நாள் கவரிங் பார்த்தார் என்று குறியுங்கள். வகுப்பறையை விட ஆளை வளர்ப்பது இந்த மூன்றாவது பத்திதான், அதை யாரும் கணக்கெடுப்பதே இல்லை. பிறகு அதே பட்டியலை ஷிப்ட், வயது, முழுநேரம் பகுதிநேரம், பேசும் மொழி, நாடு என்று பிரித்துப் பாருங்கள். இரவு ஷிப்ட், 55-ஐத் தாண்டியவர்கள், ஆங்கிலம் தடுமாறுபவர்கள் ஆகியோருக்கு நேரே கட்டாயக் கோர்ஸ் மட்டும் நிரம்பி, மற்ற இரண்டும் காலியாகக் கிடந்தால் அந்த நிறுவனத்தைப் பற்றி வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படிச் செய்வதில்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளிகள் ஒவ்வோர் ஊழியருக்கும் மாதாமாதம் எஸ்டிஎல் என்ற திறன் மேம்பாட்டுத் தீர்வையைக் கட்டுகிறார்கள்: சம்பளத்தில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதிகபட்சம் 11.25 வெள்ளி. 2,400 வெள்ளி வாங்குபவருக்கு 6 வெள்ளி. பகுதிநேர ஊழியருக்கும் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவருக்கும் இது உண்டு. கோர்ஸ் கட்டண மானியம் என்று வரும்போது பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஊழியர் வகுப்பில் இருக்கும் நேரத்துக்கு அரசாங்கம் தரும் அப்சென்டி பேரோல் மணிக்கு 4.50 வெள்ளி. அந்த 2,400 வெள்ளியை வாரம் 44 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறத்தாழ 12.60 வருகிறது. ஆக 16 மணி நேரக் கோர்ஸுக்குத் திரும்பக் கிடைப்பது 72 வெள்ளி. அவர் இடத்தில் ரிலீஃப் ஆள் போடும் செலவு எந்தக் கணக்கிலிருந்து போகிறது? பல நிறுவனங்களில் அந்த வேலைத்தளத்தின் செலவுக் கணக்கிலிருந்துதான். இடம் காலியாக இருந்தால் திட்டு வாங்குவதும், செலவு ஏறினால் திட்டு வாங்குவதும் ஒரே சூப்பர்வைசர். அவர் யாரை அனுப்புவார்? இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய ஆளை, அல்லது விடாமல் கேட்டு நச்சரிக்கும் ஆளை. சத்தமில்லாமல் பத்து வருடமாக நன்றாக வேலை செய்பவர் மட்டும் போகவே மாட்டார்.

இதற்கு மருந்து ஒரே வரிதான். ரிலீஃப் செலவைத் தளத்தின் கணக்கிலிருந்து எடுத்து, தலைமை அலுவலகப் பயிற்சிக் கணக்கில் போடுங்கள். தலைமைத்துவம் பற்றிய பத்துப் பட்டறைகள் செய்யாததை இந்த ஒரு மாற்றம் செய்யும்.

40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குக் கோர்ஸ் கட்டணத்துக்காக 2024 மே மாதம் அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டும் இதே சுவரில்தான் முட்டுகிறது. பணம் கையில் இருக்கிறது, ரோஸ்டரில் (வேலை அட்டவணையில்) நாள் இல்லை.

பெயர் கேட்கும் முறையையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சல், திங்கள் மதியம் கடைசி நேரம், ‘முந்தியவருக்கு முன்னுரிமை’. மின்னஞ்சல் முகவரியே இல்லாத துப்புரவு ஊழியரும் பாதுகாவலரும் அந்தப் போட்டியில் எப்படி ஓடுவார்கள்? கைரேகை வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நான்கு மொழியிலும் ஒட்டுங்கள், பத்து நாள் அவகாசம் கொடுங்கள். இன்னும் நல்லது, எல்லார் பெயரையும் முதலிலேயே பட்டியலில் போட்டுவிட்டு, வேண்டாம் என்பவரை மட்டும் வந்து சொல்லச் சொல்வது. ‘எனக்கும் போகணும்’ என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இரவு ஷிப்ட்காரரை அனுப்பும்போது நடப்பது தனிக் கொடுமை. காலை 7 மணிக்கு வேலை முடியும், 9 மணிக்கு வகுப்பு. மதியத்துக்குள் தலை மேசையில் சாயும். மானியம் கிடைக்க 75 விழுக்காடு வருகை வேண்டும், தேர்விலும் தேற வேண்டும். அவர் தேறவில்லை என்றதும் ‘படிக்க ஆர்வமில்லை’ என்று கோப்பில் ஏறிவிடும். அடுத்த முறை பெயர் வராது. வகுப்புக்கு முந்தைய இரவும் பிந்தைய இரவும் விடுப்பு, ரோஸ்டர் மூன்று வாரத்துக்கு முன்பே. இவ்வளவுதான் தேவை.

இனி வேலையிடத்திலேயே கற்றுக்கொடுப்பது. இங்கேதான் நாம் ரொம்ப மோசம். ‘அவன் கூடவே இருந்து பார்த்துக்க’ என்பதற்கு ஓஜேடி (வேலையோடு சேர்ந்த பயிற்சி) என்று பெயர் வைத்திருக்கிறோம். 1940-களில், போர்க்கால அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவான நான்கு படி முறை ஒன்று இருக்கிறது: தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய விடு, பின்னாலேயே போய்ப் பார். எண்பது வருடம் ஆகியும் இதைவிட நல்லது வரவில்லை என்பது என் கருத்து.

தரை கழுவும் ஸ்க்ரப்பர் மெஷினை எடுத்துக்கொள்வோம். முதலில், அவருக்கு இது எவ்வளவு தெரியும் என்று கேட்டு, பயத்தைப் போக்கி, மெஷின் ஓட்டுபவர் நிற்கும் பக்கத்திலேயே அவரையும் நிறுத்துங்கள். எதிரே நிறுத்தினால் இடம் வலம் மாறிப் பதியும். அடுத்து ஒரு முறை பேசாமல் செய்து காட்டுங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே. மூன்றாம் முறை காரணத்தோடு. திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் ரப்பர் துடைப்பான் விலகி, ஈரம் கோடாக நின்று ஆள் வழுக்கும். வேலை முடிந்ததும் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மூடியைத் திறந்தே வைக்க வேண்டும், மூடிவிட்டால் மறுநாள் நாறும். காரணம் தெரிந்தவர் மறப்பதில்லை. பிறகு அவரைச் செய்ய விடுங்கள். முதலில் வாய் திறக்காமல், பிறகு அவரே காரணத்தைச் சொல்லிக்கொண்டு. தமிழிலோ மலாயிலோ மாண்டரினிலோ சொல்லட்டும், திருப்பத்தில் கை வேகத்தைக் குறைக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் ‘அவருக்கு ஆங்கிலம் வராது, புது மெஷின் கொடுக்க முடியாது’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆண்டு மதிப்பீடான அப்ரைசலில் வரும் ‘கம்யூனிகேஷன் போதாது’ என்ற வாசகத்துக்கும் இதே சோதனை வையுங்கள். எந்தத் தேதியில், எந்த வேலையில், யாருக்கு என்ன புரியாமல் போனது? பதில் இல்லையென்றால் அந்த வாசகம் உச்சரிப்பைப் பற்றியது, அடித்துவிடுங்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் வயது, இனம், உடற்குறை, பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றோடு மொழித்திறனும் சேர்ந்திருக்கிறது. ஆளெடுப்பதோடு நில்லாமல் மதிப்பீடு, பயிற்சி, பதவி உயர்வு எல்லாவற்றையும் அது தொடுகிறது. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. நம்மவர் நடத்தும் கடைகள் பலவும் அதில் அடங்கும் என்பதால் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களும் உண்டு.

தலைமை பற்றிப் பேசாமல் முடியாது. 2006-இல் இங்கிரிட் நெம்பார்டும் ஏமி எட்மண்ட்சனும் பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் ஆய்வு செய்தார்கள். பதவியில் கீழே இருப்பவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள், தலைவர் வெளிப்படையாகக் கருத்துக் கேட்டு, சொன்னதை மதிக்கும் குழுக்களில் அந்தத் தயக்கம் குறையும் என்று கண்டார்கள். நம்மூர்க் கூட்டத்தில் இதைச் செய்யும் வழி எளிது. மேலாளர் கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் கருத்தைச் சொல்லிவிட்டு ‘வேறு யாருக்காவது?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள்.

இப்போது கசப்பான பகுதி. மேலே சொன்னதையெல்லாம் படித்து, ‘ஆமாம், மாண்டரின் பேசுபவர்கள் நம்மை ஒதுக்குகிறார்கள்’ என்று தலையாட்டிய தமிழ் சூப்பர்வைசர் அண்ணன்மார்களே, உங்கள் தளத்தில் ஓவர்டைம் யாருக்குப் போகிறது? ஸ்கில் கோர்ஸுக்கு யார் பெயர் போகிறது? கட்டுமானத்தில் வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி, அடிப்படைத் திறன் ஊழியருக்கு மாதம் 900 வெள்ளி, உயர்திறன் ஊழியருக்கு 500. ஒருவரை மேலே ஏற்றினால் முதலாளிக்கு ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம், அதனால் பெயர் கேட்டால் மறுக்க மாட்டார். அந்தப் பெயரைக் கொடுக்கும் இடத்தில் இருப்பது நீங்கள். பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று ஊர் பார்த்துப் பட்டியல் போனால், பங்ளாதேஷ்காரருக்கும் மியன்மார்காரருக்கும் நீங்கள்தான் அந்த மாண்டரின் மேலாளர்.

வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கைத் தமிழில் பத்து நிமிடம் நடத்திவிட்டு, கடைசியில் பின்வரிசையைப் பார்த்து ‘ஓகே? அண்டர்ஸ்டாண்ட்?’ என்று கேட்டால் ‘ஓகே பாஸ்’ என்றுதான் வரும். வேலைக்கு வந்த முதல் வாரமே எல்லாரும் கற்றுக்கொள்ளும் சொல் அது. அதைக் கேட்காதீர்கள். பின்வரிசையில் இருக்கும் ஒருவரை முன்னால் அழைத்து, சேஃப்டி பெல்ட்டைக் கையில் கொடுத்து, இன்றைய வேலையில் கொக்கியை எங்கே மாட்டுவார் என்று நடந்துபோய்க் காட்டச் சொல்லுங்கள். தவறான இடத்தில் மாட்டினால் அவரைத் திட்டாமல், அந்தப் பத்து நிமிடத்தை மறுபடி நடத்துங்கள், இந்த முறை கையால்.