ரீகன் சொன்னதுல பாதிய விட்டுட்டீங்க

சகோ, "அரசாங்கம்தான் பிரச்சனைன்னு ரீகனே சொல்லிட்டாரு, கன்சர்வேடிவ்னாலே அரசாங்கமே வேணாங்கறவங்கதான்"னு அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரீகன வச்சு, கன்சர்வேடிவ்ங்கற வலதுசாரிங்கள பத்தி போட்டிருக்கீங்க, தப்பு. 1981 ஜனவரி 20 பதவியேற்பு உரையில அந்த வாக்கியம் ஆரம்பிக்கிறதே "இப்ப இருக்குற நெருக்கடியில"ன்னுதான், அப்ப அமெரிக்காவுல விலைவாசி வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏறிட்டு இருந்துச்சு. அதே உரையில கொஞ்சம் தள்ளி, அரசாங்கத்த ஒழிக்கிறது என் நோக்கமில்ல, அது ஒழுங்கா வேலை செய்யணும், மக்கள் முதுகுல ஏறி உக்காராம பக்கத்துல நிக்கணும்னும் சொல்றாரு. அத யாரும் ஷேர் பண்றதில்ல.

பேச்ச விடுங்க, செஞ்சத பாருங்க. சோஷியல் செக்யூரிட்டிங்கற அரசு பென்ஷன் திட்டத்தோட நிதி காலியாகப் போற நிலைமையில, பொருளாதார நிபுணர் ஆலன் கிரீன்ஸ்பான் தலைமையில ரெண்டு கட்சி ஆளுங்களும் இருக்குற கமிஷன் போட்டு, எதிர்க்கட்சி சபாநாயகர் டிப் ஓ'நீலோட ஒத்துப்போய் 1983 ஏப்ரல்ல சட்டத்துல கையெழுத்து போட்டாரு. சம்பளத்துல பிடிக்கிற வரி உயர்வ முன்கூட்டியே கொண்டு வந்தாங்க, முழு பென்ஷன் வயசு 65ல இருந்து படிப்படியா 67 ஆச்சு, புதுசா சேர்ற மத்திய அரசு ஊழியர்களையும் உள்ள கொண்டு வந்தாங்க. வரி ஏத்துறது அவர் கட்சிக்கு கசப்பு மருந்துதான், ஆனாலும் செஞ்சாரு.

அவர் எதையும் வெட்டலன்னு சொல்லல, 1981லயே ஏழைங்களுக்கான திட்டங்கள நல்லாவே வெட்டினாரு, அது எனக்கு சுத்தமா ஒப்புதல் இல்ல. அத வச்சு திட்டுங்க, நியாயம். ஆனா அவருக்கு அடுத்து வந்த அப்பா புஷ்ஷும் கன்சர்வேடிவ்தான, 1990ல மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கையெழுத்து போட்டது அவருதான். அங்க புதுசா வாங்குற அரசு பஸ்ல வீல்சேர் ஏத்த லிப்டோ சாய்தளமோ வச்சே ஆகணும்னு வந்தது அந்தச் சட்டத்தாலதான். தயவுசெஞ்சு பதிவ திருத்துங்க.